எனக்குச் சேராத முப்பத்தெட்டு இரவுகள்

ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. வாயாடி என்று வீட்டிலும் ஆபீசிலும் பெயர் எடுத்தவள் நான். ஆட்டோக்காரர் முதல் மேனேஜர் வரை யாரோடும் மல்லுக்கு நிற்பேன். அப்படிப்பட்டவள், நெய்வேலியில் ஒரு ஓட்டல் கவுன்டரில் வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டவள் மாதிரி பேசாமல் நின்றேன். அதற்கான தண்டனை எனக்குக் கிடைக்கவில்லை. முகம் தெரியாத ஒரு தகப்பனுக்குப் போய்ச் சேர்ந்தது.

எங்கள் கம்பெனி சென்னையில் இருக்கிறது. சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் உள்ள அளவுக் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்துச் சான்று தருவது எங்கள் வேலை. மாதத்துக்கு மூன்று நான்கு நாள் நெய்வேலி என்று எனக்கு ஒதுக்கினார்கள். எனக்கு முன்னால் அங்கே போய்வந்த பெண் திடீரென்று ஒரு மெயில் அனுப்பிவிட்டு வேலையை விட்டு நின்றுவிட்டாள் என்று மட்டும் சொன்னார்கள். நான் அவளைப் பார்த்ததே இல்லை.

முதல் முறை போனது நல்ல வெயில் காலம். ஐந்து மணி நேர பஸ். காடாம்புலியூர் தாண்டும்போது ரோட்டோரம் அடுக்கியிருந்த பலாப்பழங்களின் வாசனையே தலைவலியைக் கிளப்பிவிட்டது. ஓட்டல், சுரங்க ஊழியர்கள் குடியிருக்கும் டவுன்ஷிப்புக்கு வெளியே, பண்ருட்டி ரோட்டில். உள்ளே நுழைந்து கம்பெனி பெயரைச் சொன்னதும் கவுன்டரில் இருந்தவர் எழுந்தே நின்றுவிட்டார். முப்பது வயதுக்காரர், வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது என்று பிறகு தெரிந்தது.

"வாங்க மேடம், வாங்க. உங்க மூலை ரூம் ரெடியா இருக்கு. போன தடவையோட முப்பத்தெட்டு நைட் முடிச்சிட்டீங்க. கோல்டு கார்டு ஆயிடுச்சு."

பன்னிரண்டு மணி வரை காத்திருக்க வேண்டாம், அறை இப்போதே உண்டு. தினம் இரண்டு செட் துணி இலவசமாகத் துவைத்து இஸ்திரி போட்டுத் தருவார்கள். காலை ஷிப்டுக்குப் போகிற நாளில் ஐந்தரை மணிக்கே டிபன் டப்பாவில் வரும். கிளம்புகிற நாளில் மாலை வரை அறையை வைத்துக்கொள்ளலாம். அவர் அடுக்கிக்கொண்டே போனார். 'நான் இன்றைக்குத்தான் முதல் தடவை வருகிறேன்' என்ற வாக்கியம் என் நாக்கு நுனியில்தான் இருந்தது. பாழாய்ப்போன தலைவலி. ஆதார் நகலைக் கொடுத்தேன். அது ஒரு பெட்டிக்குள் போனது. விருந்தினர் அட்டை வேறு பெட்டியில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்து யாரும் பார்க்கவில்லை. நான் சாவியை வாங்கிக்கொண்டு மாடி ஏறினேன்.

அறைக்குள் போய் விளக்கைப் போட்டதும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். வேறு யாரோ இருக்கிற அறைக்குள் வந்துவிட்டோமோ என்று தோன்றியது. கட்டில் ஜன்னலை விட்டு விலக்கிச் சுவரோரம் தள்ளியிருந்தது. தலையணை, எல்லாரும் கால் நீட்டுகிற பக்கத்தில் இருந்தது. திரைச்சீலையின் இரண்டு பாதிகளையும் சேர்த்து ஊக்கு குத்தியிருந்தார்கள். மேஜையின் மேல் பிளாஸ்க்கில் சீரகத் தண்ணீர், இன்னும் சூடாக. நாற்காலி மேஜையிடம் இல்லை. கதவை ஒட்டி, உள்பக்கம், முதுகு கதவைப் பார்த்தபடி இருந்தது. அலமாரியைத் திறந்தால் ஹேங்கரில் ஒரு பச்சைத் துப்பட்டா, துவைத்து மடிப்புக் கலையாமல் தொங்கியது.

கீழே போன் செய்து கேட்டேன். "போன தடவை விட்டுட்டுப் போனதுங்க மேடம். கோல்டு கெஸ்ட் விட்டுட்டுப் போற பொருளை நாங்க பத்திரமா வச்சிருப்போம்" என்றார் அவர், பெருமையாக.

அன்றைக்கே மாலை ஆறு மணிக்கு அறை போன் அடித்தது. எடுத்து "ஹலோ" என்றேன். பதில் இல்லை. ஆனால் லைன் செத்துப்போகவில்லை. தூரத்தில் ஒரு சீலிங் ஃபேன் கடகடப்பது கேட்டது. யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு கேட்பது நன்றாகத் தெரிந்தது. இரண்டு முறை "ஹலோ, ஹலோ" என்றேன். மெல்ல வைத்துவிட்டார்கள். கவுன்டரில் கேட்டதற்கு, "கிராஸ் கனெக்‌ஷனா இருக்கும் மேடம்" என்று சிரித்தார்.

அடுத்த மாதம் போனபோதும் முதல் நாள் மாலை ஆறு மணிக்கு அதே போன், அதே ஃபேன் சத்தம். அதற்கடுத்த மாதமும் அப்படியே.

மூன்றாவது தடவைதான் அறையைச் சுத்தம் செய்கிற அக்காவோடு பேச வாய்த்தது. முத்தாண்டிக்குப்பத்துக்காரர். படுக்கை விரிப்பை உதறியபடியே, "முன்ன வந்த அம்மாவும் உங்கள மேறியே ஒத்தையா வருவாங்க. ஜன்னலத் தொறக்கவே மாட்டாங்க" என்றார்.

"அப்போ இதெல்லாம் அவங்களுக்காகச் செஞ்சதா? நான் வேற ஆளுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"ஏன், எனக்கு கண்ணு இல்லியா மேடம்?" என்று அவர் சிரித்தார். "நான் இங்க வர்றதுக்கு முன்ன பதினாலு வருசம் டவுன்ஷிப்புல கோட்ரஸ் வேலை பாத்துகினு இருந்தேன். ஒரே வூடு. மூணு குடும்பம் மாறிச்சு. ஒருத்தர் ரிடயர் ஆயி போவாங்க, அடுத்த ஆளு சாமானோட வருவாங்க. பால்காரருக்கு ஆளு பேரா தெரியும்? எந்த வட்டம், எந்த கோட்ரஸ் நம்பரு, அவ்ளோதான். பழைய வூட்டுக்கு எவ்ளோ பாலோ அதே பாலு மறுநாளும் வந்துடும். பேப்பரும் அப்டித்தான். நானும் அப்டித்தான். இங்கயும் அதே கம்பெனி, அதே வேலை, அதே ரூமு. அந்தம்மா போனாங்க, நீங்க வந்தீங்க. இதுல இன்னா இருக்கு?"

கேட்கக் கேட்க எனக்கு நிம்மதியாக இருந்தது, அதுதான் உண்மை. இந்த ஊர் வழக்கமே அப்படியென்றால் நான் என்ன தப்பு செய்துவிட்டேன் என்று மனம் உடனே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டது. கவுன்டர்க்காரரும் டவுன்ஷிப்பில் பிறந்து வளர்ந்தவர்தான். அவரிடம் இருந்த விருந்தினர் அட்டையில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எங்கள் கம்பெனியும் 'மீட்டர் மேடம், மூலை ரூம்' என்பதும்தான் இருந்தன. அடுத்த முறை சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். ஐந்தரை மணி டிபன் டப்பா எனக்கு ரொம்பவே பிடித்துப்போயிருந்தது.

"அவங்களுக்கு என்னக்கா ஆச்சு?" என்று மட்டும் கேட்டேன்.

"தெரியலைங்க. ஒரு நாளு காலைல பையத் தூக்கிகினு எறங்கிப் போனாங்க. நான் மாடிப்படி தொடச்சிகினு இருந்தேன். 'வரேன்க்கா'ன்னாங்க. வரல."

அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. கட்டிலை இழுத்து ஜன்னல் பக்கம் போட்டுக்கொண்டிருக்கலாம். போடவில்லை. முதலில் சோம்பல், பிறகு பழக்கம். சீரகத் தண்ணீர் இல்லாமல் சென்னையில்கூடத் தூக்கம் வராமல் போனது. ஒரு நாள் சாம்பல் தூசி கிளப்பிய காற்றில் மூக்கை மூடிக்கொள்ள ஏதாவது வேண்டும் என்று அந்தப் பச்சைத் துப்பட்டாவை எடுத்துக்கொண்டு போனேன். கேன்டீன் வாசலில் நிற்கும்போது பின்னாலிருந்து ஒருவர், "மேடம்! எவ்ளோ நாளாச்சு!" என்று சந்தோஷமாகக் கூப்பிட்டார். திரும்பினேன். அவர் முகம் விழுந்துவிட்டது. மன்னிப்புக்கூடக் கேட்காமல் டீ கிளாஸோடு உள்ளே போய்விட்டார். அன்று அறைக்கு வந்ததும் கதவை ஒட்டியிருந்த நாற்காலியைக் கைப்பிடிக்கு அடியில் இறுக்கமாகச் செருகினேன். அது அங்கே எதற்காக வைக்கப்பட்டது என்று அந்தக் கணத்தில்தான் உறைத்தது. அவள் யாருக்கோ பயந்திருக்கிறாள். அப்போதும் நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் திறக்கவில்லை.

போன் விடாமல் வந்தது. ஒரு மாதம் ஆறு மணிக்கு அது அடித்தபோது எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. வெயிலில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்திருந்தேன். "யாருய்யா அது? வேற வேலைவெட்டி இல்லையா? பொம்பளை குரல் கேக்கணும்னா ரேடியோவப் போட்டுக் கேளு! வைய்யா போனை!" என்று கத்தினேன். அந்தப் பக்கம் ஃபேன் கடகடத்தது. அப்புறம் மூக்கால் விட்ட ஒரு சின்னச் சிரிப்பு. கேலிச் சிரிப்பு இல்லை. அன்பான சிரிப்பு. அதுதான் என் ரோமத்தைச் சிலிர்க்க வைத்தது. அன்றைக்கு ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டேன்.

இப்படி ஒன்றரை வருடம் ஓடியது. போன முறை நான் மதியம் இரண்டு மணிக்கு வேலை முடிந்து ஓட்டலுக்குத் திரும்பியபோது கவுன்டரில் செவ்வந்திப் பூ மாலை தொங்கியது. பக்கத்தில் ஒரு கேக், அதன் மேல் சிவப்புக் கிரீமில் நூறு என்று எழுதியிருந்தது. கவுன்டர்க்காரர் முகமெல்லாம் பல்.

"மேடம், இன்னைக்கோட நூறாவது நைட்! எங்க ஓட்டல்லயே நீங்கதான் ஃபர்ஸ்ட். ஒரு சர்ப்ரைஸ் வேற இருக்கு. உங்க அப்பா வந்திருக்காரு. ரூம்லதான் உக்கார வச்சிருக்கேன்."

என் அப்பா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. அவர் சாம்பலைக் கடலில் கரைத்தபோது அலையில் முழங்கால் நனைய நின்றவள் நான்.

"யாரு வந்திருக்கா?" என்றேன்.

"அப்பா மேடம். வேட்டி, வெள்ளைச் சட்டை. மேல போங்க, ரொம்ப நேரமா காத்திருக்காரு."

என் அப்பாவும் வேட்டி, வெள்ளைச் சட்டைதான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் படி ஏறினேன். பயம்தான். ஆனால் பயத்துக்கு அடியில் ஒரு அசட்டு ஆசையும் இருந்தது, மறைப்பானேன். ஒருவேளை அவராகவே இருந்துவிட்டால் என்று நினைத்தேன். பட்டப்பகலில் அப்படி நினைத்தேன். மாடி வராந்தாவில் யாரும் இல்லை. மூலை அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே கட்டிலின் ஓரத்தில், முதுகைக் காட்டியபடி ஒரு நரைத்த தலை.

"அப்பா" என்று என் வாய் சொல்லிவிட்டது.

அவர் சட்டென்று திரும்பினார். அவர் முகத்தில் எழும்பிய வெளிச்சத்தை நான் இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன். அது அணைந்ததையும்தான். எனக்கு அவர் யாரென்றே தெரியாது. மடியில் அந்தப் பச்சைத் துப்பட்டாவை வைத்திருந்தார். அவர் பதறாமல், தன்மையாகச் சொன்னார்.

"ரூம் மாறி வந்துட்டியேம்மா. இது எம் மக ரூமு."

ஊர் தென்காசிப் பக்கம் என்று பேச்சிலேயே தெரிந்தது. அந்தக் கணத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஃபேன் சத்தம், மூச்சு, சிரிப்பு, எல்லாம். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் யார், எந்த வேலைக்கு வருகிறேன், எத்தனை மாதமாக வருகிறேன் என்று சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை. சொல்லி முடித்ததும் கேட்டார்.

"அப்ப அவ எங்கம்மா?"

"தெரியாதுங்கய்யா. நான் அவங்களைப் பார்த்ததே இல்ல."

"போன்ல அலோன்னது?"

"நான்தான்."

"ஒரு நா கத்தி வஞ்சது?"

"அதுவும் நான்தான்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே நடந்ததைச் சொன்னார். கல்யாணப் பேச்சில் அப்பாவுக்கும் மகளுக்கும் சண்டை. "இனி எனக்கு மகளே கெடையாது" என்று அவர் சொல்லியிருக்கிறார். அவள் நம்பரை மாற்றிக்கொண்டு பேச்சை நிறுத்திவிட்டாள். அவள் வீட்டில் விட்டுப்போன பையில் இந்த ஓட்டலின் பில் இருந்திருக்கிறது. அதைப் பார்த்துப் போன் செய்து, கவுன்டரில் அப்போது இருந்தவரிடம் கெஞ்சிக் கேட்டிருக்கிறார். வந்தால் சொல்லுங்கள், சாப்பிட்டாளா என்று சொல்லுங்கள், ஒரு நிமிஷம் குரலைக் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன், அவளுக்கு மட்டும் தெரிய வேண்டாம்.

"கொரலு மாறியிருக்கேன்னு நெனச்சேன்" என்றார். "சாம்பப் பறக்குத ஊரு, தொண்ட கட்டியிருக்கும்னு அவ அம்மகிட்ட சொன்னேன். நீ வஞ்ச அன்னைக்குத்தாம்மா நெஞ்சு குளுந்துது. கோவம் அப்படியே இருக்கு, எம் பிள்ள நல்லாத்தான் இருக்கான்னு சொன்னேன். அன்னைக்கு வீட்ல பாயசம் வச்சா. நூறாவது நாளுன்னு கவுன்டர்ல சொன்னாக, நேர்ல பாத்துருவோம்னு வந்தேன்."

எனக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கீழே போய்க் கவுன்டர்க்காரரைக் கூட்டிவந்தேன். அவர் விருந்தினர் அட்டையோடு வந்தார். பழைய ஆள் எழுதிவைத்ததை அப்படியே சத்தமாகப் படித்தார். தலையணை கால்மாட்டில். ஜன்னலுக்கு ஊக்கு. சீரகத் தண்ணீர். நாற்காலி கதவுக்கு உள்பக்கம். அப்பா போன் செய்வார், வந்தாச்சு, சாப்பிட்டாச்சு என்று சொல்லவும், ஆறு மணிக்கு லைன் கொடுக்கவும், மேடத்திடம் சொல்ல வேண்டாம். படிக்கப் படிக்க அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"நான் சேந்தப்ப கார்டு இப்படித்தான் சார் இருந்துச்சு. இவங்கதான் அந்த மேடம்னு..." என்று நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "முப்பத்தெட்டு நைட்டுன்னு நான் சொன்னப்பவே, நான் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம்."

வேறு நேரமாக இருந்தால் அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். உனக்குப் பேரைக் கேட்கத் தெரியாதா என்று கத்தியிருப்பேன். அன்று அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பு இல்லை.

பெரியவருக்கு மனம் அந்த நாற்காலியிலேயே நின்றுவிட்டது. "கதவுக்கு எதுக்குய்யா நாற்காலி?" என்று கேட்டார். வாசலில் துடைப்பத்தோடு நின்றிருந்த அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

"தெனம் காலைல கதவுகிட்டயே இருக்கும்ங்க. அப்டி இருந்தாதான் அந்தம்மாவுக்குப் புடிக்கும்போலன்னு நெனச்சிகினு நான்தான் கார்டுல எழுதச் சொன்னேன். ஏன்னு கேக்கலைங்க. கேக்காம வுட்டுட்டேன்."

சாயங்காலத்துக்குள் அவரை போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனேன். கேக்கை யாரும் வெட்டவில்லை. அவர் துப்பட்டாவை ஒரு பாலித்தீன் பையில் போட்டுக் கையிலேயே வைத்திருந்தார். ஆட்டோவில் போனோம். என்னைத் திட்டுவார் என்று வழியெல்லாம் காத்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கிக்கொள்வது சுலபமாக இருந்திருக்கும். இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார்.

எழுத்தர் நடுவயதுக்காரர், பொறுமையானவர். பெயர், வயது, உயரம், அங்க அடையாளம் எல்லாம் கேட்டு எழுதினார். கடைசியாகப் பார்த்தது யார் என்று கேட்டார். ஓட்டலில் வேலை செய்யும் அக்கா என்று சொன்னேன். எப்போது என்று கேட்டார். ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகிறது என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"ஒன்றரை வருசமா?" என்று பெரியவரைப் பார்த்தார். கடுமையாகக் கேட்கவில்லை. புரியாமல்தான் கேட்டார். "பொண்ணக் காணோம்னா மறுநாளே ஓடி வருவாங்க. இவ்ளோ நாளா இன்னா பண்ணிகினு இருந்தீங்க ஐயா?"

இப்போது என்னைக் காட்டுவார் என்று நினைத்தேன். காட்ட வேண்டும் என்று விரும்பவும் செய்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"வீட்லதான்யா இருந்தேன்" என்றார். "மாசம் தவறாம போன் போட்டு, பிள்ள சாப்ட்டாளான்னு கேப்பேன். சாப்ட்டான்னு சொன்னாங்க."

எழுத்தருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "யாரு சாப்ட்டது?" என்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான்தான் சார்" என்றேன்.

அவர் பேனாவை எடுத்து அதையும் எழுதிக்கொண்டார்.